மூன்று ராணிகளை மடக்கியவர்

ஐந்து சீட்டு போக்கரை நான் கற்றுக்கொண்டது அஸ்தினாபுரத்து வீட்டின் முன்னறையில், இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு மே மாதம். ஆடியது மூன்று பேர். பந்தயம் கொண்டைக்கடலை. நாலரை மணிக்கு அம்மா வருவாள். ஜெயித்தவர் கடலை, தோற்றவர் கடலை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வாரிக்கொண்டு போய் ஊறப் போட்டுவிடுவாள். மறுநாள் அது சுண்டலாக வரும். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு சிற்றுண்டி செய்ததாக நினைவில்லை.

ஆட்டம் தொடங்கியதற்குக் காரணம் அக்காவின் முகம் அல்ல. ஆனால் அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை பல் தேய்த்துவிட்டு அக்கா வாய் கொப்பளித்தாள். தண்ணீர் வலது ஓரமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தாள். வலது கண் மூடவில்லை. புருவத்தைத் தூக்கினால் நெற்றியின் இடது பாதியில் மட்டும் கோடு விழுந்தது. சிரித்துப் பார்த்தபோது வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பக்கவாதமோ என்று பயந்து ஆட்டோவில் ஓடினோம். இல்லை, இது முகவாதம், முகத்துக்குப் போகும் நரம்பு ஒன்று வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். எப்போது சரியாகும் என்று தேதி சொல்ல முடியாது. மாத்திரை கொடுத்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்டிவைக்க பிளாஸ்திரி. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ஈ, ஊ என்று சொல்லிப் பார்க்க வேண்டும், கன்னத்தை ஊத வேண்டும். அக்கா மூன்று வாரம் சொன்னாள், ஊதினாள். வலது பக்கம் அசையவில்லை.

அவள் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினான்கு வருஷ சர்வீஸ். அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவள். பள்ளிக்கூடம்தான் அவளுக்கு வெளியுலகம். ஜூனில் பள்ளி திறக்கும்போது எட்டாம் வகுப்பு முன்னால் இந்த முகத்தோடு நிற்க முடியாது என்றாள். படிக்கிற காலத்தில், திக்கித் திக்கிப் பேசும் ஒரு டீச்சரைப் போலப் பேசிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைத்தது அவளேதான். அந்த டீச்சர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்ததையும் அவள் மறக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒரு கடிதம். முதல் பருவம் முழுவதும் மருத்துவ விடுப்பு கேட்டுத் தலைமை ஆசிரியைக்கு. பத்திரிகையில் உதவி ஆசிரியன் என்பதால் எழுதும் வேலை எனக்கு. எழுதினேன். பருவம் முடிந்த பிறகு என்ன என்றதற்கு, 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றாள் அக்கா. அப்புறம் என்றால் ராஜினாமா என்பது இருவருக்கும் தெரியும். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நல்ல தாளில் பிரதி எடுத்து நான் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. நகலை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

வீட்டுக்குள் நாங்கள் ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தோம். யாரும் பேசி முடிவு செய்ததல்ல. அக்கா எப்போதும் வலது பக்கம் சுவரோரம் இருக்குமாறு உட்காருவாள். நானும் அம்மாவும் அவளிடம் பேசும்போது இடது கண்ணைப் பார்த்துப் பேசுவோம். காபியை ஸ்ட்ரா போட்டுக் குடித்தாள். அப்போது நாங்கள் டிவியைப் பார்ப்போம்.

மாடியில் ஒரு கப்பல்காரர் குடியிருந்தார். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். அப்பாவும் அண்ணன்களும் கட்டுமரத்தில் போக, இவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலைக்குப் போனவர். மனைவி பிரசவத்துக்குத் தாய் வீட்டில். அடுத்த கப்பலுக்கு ஏஜென்ட் கூப்பிட வேண்டும். ஏஜென்டிடம் கொடுத்திருந்தது எங்கள் வீட்டுத் தொலைபேசி எண். ஏஜென்ட் மதியத்துக்கு மேல்தான் கூப்பிடுவாராம். எனக்கு மாலைப் பணி; ஐந்து மணி ரயில். இப்படி இரண்டு மணி முதல் நாலரை வரை அவரும் நானும் போனைப் பார்த்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருப்போம். என்னை 'பேப்பர் சார்' என்பார். நான் அவரை 'அண்ணா' என்பேன்.

மூன்றாம் நாள் அவர் ஒரு சீட்டுக்கட்டோடு இறங்கி வந்தார். பிளாஸ்டிக் சீட்டு, முனைகளில் மெஷின் எண்ணெய்க் கறை. கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்கள் சொல்லிக் கொடுத்த ஆட்டம் என்றார். இரண்டு பேர் ஆடினால் ருசிக்காது, மூன்றாவது ஆள் வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டார். அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். பாய்க்கு நடுவில் சீட்டு, சுற்றி மூன்று பேர். அதில் சுவர் கிடையாது.

விதி எளிது. ஆளுக்கு ஒரு கடலை நடுவில் வைக்க வேண்டும். ஐந்து சீட்டு வரும். பார்த்துவிட்டுப் பந்தயம் கட்டலாம், அல்லது சீட்டை மடக்கி வைத்து விலகிக்கொள்ளலாம். பிறகு வேண்டாத சீட்டைக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கலாம், மூன்று வரை. மறுபடி பந்தயம். கடைசிவரை நிற்பவர்கள் சீட்டைக் காட்ட வேண்டும். பெரிய சீட்டு வைத்திருப்பவருக்குக் குவியல். எல்லோரையும் மடக்க வைத்துவிட்டால் சீட்டைக் காட்டவே வேண்டாம், குவியல் நமக்கு.

எங்களுக்குத் தடையாக இருந்தது ரம்மி. எங்கள் குடும்பத்தில் ரம்மி தெரியாதவர் இல்லை. கல்யாண மண்டபத்து மொட்டை மாடிகளில் கற்றது. ரம்மியில் வேண்டாத சீட்டை முகம் தெரியப் போட வேண்டும். நான் இங்கேயும் அப்படியே போட்டேன். கப்பல்காரர் அதைப் பொறுமையாகக் கவிழ்த்து வைத்தார். அடுத்த முறையும் போட்டேன், அவரும் கவிழ்த்தார். நான்காம் முறை, 'பேப்பர்ல வுட்டுடுங்க சார், ஊருக்கே தெரியட்டும்' என்றார்.

அக்கா செய்தது அதைவிடப் பெரிது. முதல் நாளே அவள் கைக்கு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசை விழுந்தது. அவள் மடக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, ஆர்டினும் கிளாவரும் கலந்திருக்கிறது, இது சேராது என்றாள். ரம்மியில் சேராதுதான்; ஒரே சின்னமாக இருக்க வேண்டும். போக்கரில் எந்தச் சின்னமானாலும் வரிசை வரிசைதான். கப்பல்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என் கடலை தீர்ந்தபோது அக்கா தன்னுடையதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி எனக்கு வைத்தாள். அதற்கும் அவர் அதே போல உட்கார்ந்திருந்தார். அம்மா காபி கொண்டுவந்தாள். என் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, 'மூணு ராஜாடா உனக்கு' என்றாள். அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

எந்தச் சீட்டு எதை வெல்லும் என்று எழுதிக்கொள்ள அக்கா தாள் தேடினாள். கைக்கு வந்தது ஃபிரிட்ஜ் மேல் இருந்த விடுப்புக் கடிதம். அதைத் திருப்பிப் போட்டு, பரீட்சைத் தாளுக்குப் போடுவது போல இடதுபுறம் கோடு கிழித்து எழுதினாள். ஜோடி. இரண்டு ஜோடி. மூன்று ஒன்றுபோல. வரிசை. ஒரே சின்னம். மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ். 'வூடு ரொம்பிச்சி' என்பார் கப்பல்காரர். நாலு ஒன்றுபோல. ஒரே சின்னத்தில் வரிசை.

ஒரே சின்னம் ஏன் வரிசையைவிட உயர்ந்தது என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை, கப்பலில் யாரும் கேட்டதில்லையாம். அக்கா கணக்குப் போட உட்கார்ந்தாள். இரண்டு நாள் போட்டாள். ஐம்பத்திரண்டு சீட்டிலிருந்து ஐந்தை எடுக்க இருபத்தைந்து லட்சத்துக்கும் மேலான வழிகள் இருக்கின்றன. அதில் வரிசை 10,200 தடவை. ஒரே சின்னம் 5,108. நாலு ஒன்றுபோல வருவது 624. பட்டியலில் ஒரு இடம்கூடப் பிசகவில்லை. எவ்வளவு அரிதோ அவ்வளவு உயரம். எந்த ஊரிலோ யாரோ இதை எண்ணி அடுக்கியிருக்கிறார்கள், அது எண்ணெய்க் கறை படிந்த ஒரு சீட்டுக்கட்டாக இந்தப் பாய் வரைக்கும் வந்திருக்கிறது. அக்கா பேனாவை மூடிவிட்டு அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். தப்பைத் தேடிப் படிக்கிற வேலை எனக்கு. தப்பே இல்லாத ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தது குறைவு.

முதல் வாரம் அவர் எங்களை வைத்துச் சுண்டலுக்குக் கடலை சேர்த்தார் என்றே சொல்லலாம். எங்கள் முகத்தைப் படித்துவிடுவார். நல்ல சீட்டு வந்தால் நான் மூக்கைத் தொடுகிறேன் என்றார். அதுவரை எனக்கே தெரியாது.

ஏழெட்டு நாள் கழித்து அக்கா அவரை முதல்முறையாக ஏமாற்றினாள். கையில் ஒரு ஜோடிகூட இல்லை. பத்துக் கடலையைத் தள்ளினாள். அவர் மடக்கினார். அவள் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். அவர் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா அக்கா, உங்க மூஞ்சில ஒண்ணியும் படிக்க முடியல. பாதி ஏற்கெனவே மூடிக் கீது. மீதிய நீங்க மூடிட்டீங்க. கப்பல்ல இந்த மூஞ்சிக்கு என்னா வேணா குடுப்பானுங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அதுவரை அந்த வீட்டில் அந்த முகத்தைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. மேலே விமானம் ஒன்று மீனம்பாக்கத்தில் இறங்கத் தாழ்ந்து போனது. அது போகும்வரை எப்போதும் போலப் பேச்சை நிறுத்தி வைத்திருந்தோம். சத்தம் ஓய்ந்ததும் அக்கா சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. கையால் மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஆடியதை நான் வேடிக்கை பார்த்தேன் என்பதே சரி. நல்ல பாதியை அசையாமல் வைக்கத் தானே பழகிக்கொண்டாள். இடது புருவம், இடது கன்னம், இடது உதடு எல்லாவற்றையும் கட்டுக்குள் கொண்டுவந்தாள். சீட்டை எடுத்தால் ஒரே ஒரு தடவை பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள். பிறகு எதிரே இருப்பவரை நேராகப் பார்ப்பாள். மூடாத அந்த வலது கண்ணும் சேர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு முன் என் மூக்கு அரிக்கும். நான் எத்தனையோ பேரைப் பேட்டி கண்டிருக்கிறேன். அமைச்சர்கள் உட்பட யாரும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.

ஆனால் காலையில் கண்ணாடி முன் ஈ, ஊ நடந்துகொண்டுதான் இருந்தது. வலது பக்கம் அப்படியே இருந்தது. மே கடைசி வாரம் டாக்டரிடம் போய் வந்தோம். இன்னும் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்கா, கடிதத்தை நல்ல தாளில் எழுதிவிடு என்றாள். நாளைக்கு எழுதுகிறேன் என்றேன். பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தது.

மறுநாள் மதியம் சீட்டுப் போட்டது நான். எனக்கு ஒன்றும் வரவில்லை, முதலிலேயே மடக்கிவிட்டேன். அக்கா ஐந்து கடலை வைத்தாள். அவரும் ஐந்து வைத்தார். அக்கா ஒரு சீட்டை மாற்றினாள். அவர் இரண்டை மாற்றினார். ஒன்றை மாற்றினால் இரண்டு ஜோடியாக இருக்கலாம், இரண்டை மாற்றினால் கையில் மூன்று ஒன்றுபோல இருக்கலாம். அந்த அளவுக்கு எனக்கு ஆட்டம் வந்திருந்தது. அக்கா புதுச் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். கவிழ்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவு இல்லை. தன்னிடம் இருந்த கடலை மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினாள்.

அவர் நீண்ட நேரம் அவளைப் பார்த்தார். பிறகு தன் சீட்டுகளை முகம் தெரியப் போட்டார். மூன்று ராணி. மடக்கிவிட்டார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் சீட்டைத் திருப்பினாள். மூன்று எட்டு, இரண்டு நான்கு. வூடு ரொம்பியிருந்தது. கடைசியாக வாங்கிய சீட்டு அந்த மூன்றாவது எட்டு.

"மூணு ராணியை வச்சுக்கிட்டு யாராவது மடக்குவாங்களா? எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க வாயோரம் சொல்லிச்சி அக்கா."

"நான் அசைக்கவே இல்லை."

"இடது பக்கம் இல்ல. வலது பக்கம். அந்தச் சீட்ட எடுத்துப் பாத்தீங்க இல்ல, அப்ப ஒரு தபா துடிச்சிது."

நான் அவரைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய முகத்திலிருந்து கண் எடுக்காமல் இருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது உண்மை. ஆனால் நான் பார்த்தது இடது பாதி. ஒரு மாதமாக நானும் அம்மாவும் அந்தப் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தப்பாகப் பார்த்திருப்பீர்கள் என்றாள் அக்கா. குரல் மெதுவாக இருந்தது. அவர் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே சொன்னார்.

"இடது பக்கம் நீங்க பூட்டு போட்டு வச்சிகினு கீறீங்க. அத்த பாத்து இன்னா புரோஜனம்? நானு பத்து நாளா வலது பக்கத்தத்தான் பாத்துகினு கீறேன். இன்னிக்கித்தான் பேசிச்சி."

அம்மா சமையலறைக் கதவில் வந்து நின்றிருந்தாள். கையில் கடலை வாரும் பாத்திரம். அக்கா எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்துவந்து ஈ என்றாள். ஒன்றும் இல்லை. ஊ என்றாள். இல்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'போடுங்க' என்றாள். சீட்டுப் போட்டோம். இந்த முறை நானும் வலது பக்கம் பார்த்தேன். நேராகப் பார்ப்பதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது. கன்னம் சற்றுத் தொங்கியிருந்தது, கண் ஈரமாக இருந்தது. அவ்வளவுதான், நான் நினைத்துப் பயந்திருந்த எதுவும் அங்கே இல்லை. அவள் சீட்டு வாங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் இல்லை. ஐந்தாம் ஆட்டமோ ஆறாம் ஆட்டமோ, ஒரு சீட்டைத் தூக்கியபோது வலது உதட்டு ஓரத்தில் தண்ணீரில் சின்ன மீன் திரும்புவது போல ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"ஆமாடி. அசைஞ்சுது."

சீட்டை அப்படியே போட்டுவிட்டு அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். என்ன சீட்டு வந்தது என்று பிறகு திருப்பிப் பார்த்தேன். ஸ்பேடில் நாலும் ஒரு கிளாவரும். ஸ்பேடை எதிர்பார்த்து வாங்கிய சீட்டு ஸ்பேடாகவே வந்து, ஒரே சின்னம் ஆகியிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். அதே கறுப்பில் கிளாவர் ஒன்று இருந்ததை அந்த நொடியில் கவனிக்கவில்லை. கணக்கில் அவள் செய்து நான் பார்த்த ஒரே தப்பு அது.

அன்று நான் ஐந்து மணி ரயிலை விட்டுவிட்டேன்.

ஏஜென்டின் போன் அதற்கு மறுநாள் வந்தது. கப்பல்காரர் மும்பை போய்க் கப்பல் ஏற வேண்டும். கிளம்பும்போது சீட்டுக்கட்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். வேண்டாம் என்று அக்கா சொன்னதற்கு, கப்பலில் கட்டுக்குப் பஞ்சமில்லை, எதிரே உட்கார ஆள்தான் பேஜார் என்றார். அம்மா அவர் மனைவிக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பை நிறையக் கடலை கொடுத்தனுப்பினாள். எதற்குக் கடலை என்று அந்தப் பெண் குழம்பியிருப்பாள்.

கடிதம் கொடுக்க வேண்டிய நாளும் அதுவே. நான் நல்ல தாளை எடுத்துவைத்துக்கொண்டு நகலைக் கேட்டேன். அக்கா ஃபிரிட்ஜ் மேலிருந்து அதை எடுத்தாள். ஒரு பக்கம் என் கையெழுத்தில் விடுப்பு. மறு பக்கம் அவள் கையெழுத்தில் ஜோடியிலிருந்து ஒரே சின்ன வரிசை வரை. இரண்டு பக்கத்தையும் பார்த்தாள்.

"இது இருக்கட்டும்டா. இதுல கணக்கு இருக்கு" என்றாள்.

முகம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பள்ளி திறந்த அன்று வலது வாயோரம் ஒரு நூல் அளவு அசைந்தது, அதுவும் நினைத்தபோது அல்ல. கண் பாதிதான் மூடியது. முழுவதும் சரியாக ஆகஸ்ட் ஆனது. ஆனால் அன்று காலை புடவைக்கு இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, சொட்டு மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறிப் போனாள். நானும் அம்மாவும் பிற்பகல் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்தோம். நான் அன்றும் ஐந்து மணி ரயிலை விட்டேன்.

ஐந்தே கால் மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். காபி கேட்டாள். நாங்கள் டிவியைப் பார்க்கவில்லை.

எட்டாம் வகுப்பில் இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண், அக்கா கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது வாயைக் கோணி இழுத்துக் காட்டியிருக்கிறாள். வகுப்பு சிரித்தது. அக்கா திரும்பினாள். அந்தப் பெண் இழுத்த வாயோடு அப்படியே மாட்டிக்கொண்டாள்.

"என்ன சொன்னே?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் சொல்லல. சாக்பீஸைக் கீழ வச்சுட்டு அவளைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"எவ்ளோ நேரம்?"

அக்கா ஸ்ட்ராவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு துளி வழிந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரமில்லம்மா. அவளே மடக்கிட்டா."